காயலான் கடைக்காரர் வாங்காத காந்தம்

திருச்சியிலிருந்து வந்து புதுக்கோட்டையில் இறங்க வேண்டிய நான், ஒருமுறை காரைக்குடி வரை போய்த் திரும்பினேன். தூங்கிவிட்டதாக வீட்டில் சொன்னேன். அது கொஞ்சம் மரியாதையான பொய். உண்மையில் நான் பேருந்தோடு ஒட்டிக்கொண்டுவிட்டேன்.

விமானத்தில் வந்திருந்த காந்த மாதிரிகளை வாங்கி வரக் கம்பெனி என்னை அனுப்பியிருந்தது. ஒவ்வொன்றும் வடை அளவு. வடையைப் போலவே நடுவில் ஓட்டை. அனுப்பியவர்கள் அவற்றை அட்டைத் துண்டுகளுக்கு நடுவே அடுக்கி, நுரையில் பொதிந்து, இரும்புத் தகடு வைத்த பெட்டியில் போட்டிருந்தார்கள். இவ்வளவு சின்னப் பொருளுக்கு இவ்வளவு பெரிய பெட்டியா என்று சிரித்துக்கொண்டே பெட்டியைக் கழற்றி எறிந்துவிட்டு, அடுக்கை மட்டும் மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். நார்த்தாமலை தாண்டும்வரை ஒரு நாவலில் மூழ்கியிருந்தேன். பை இருக்கைக்கு அடியில் சரிந்து, அங்கிருந்த இரும்புச் சட்டத்தைக் கட்டிக்கொண்டது எனக்குத் தெரியாது.

"என்ன சார், எறங்கலையா? பஸ் ஸ்டாண்டு வந்துருச்சு," என்றார் கண்டக்டர்.

"நான் எறங்குறேன். பை எறங்க மாட்டேங்குது."

அவர் இழுத்துப் பார்த்தார். டிரைவர் வந்து இழுத்தார். பையின் காது கையோடு வந்தது, காந்தம் வரவில்லை. பின் சீட்டிலிருந்து ஒருவர், "உள்ள பாம்பு கீம்பு இருக்கப்போவுது," என்று கிளப்பிவிட்டதில் பேருந்தின் பாதி காலியானது.

"காரைக்குடிக்கு டிக்கெட் எடுத்துக்கங்க சார். டெப்போல கழட்டித் தருவாங்க."

"பைக்கும் எடுக்கணுமா?"

"பை இப்ப பஸ்ஸோட சாமான் சார். ஒங்களுக்கு மட்டும் எடுங்க."

டெப்போவில் மெக்கானிக் ஒருவர் மர ஆப்பு அடித்து அதைப் பிரித்தெடுத்தார். எம்.ஏ. தமிழ் படித்தவன் நான். பழம்பாட்டில் வரும் யாழ் வகைகளைப் பெயர் சொல்லி அடுக்குவேன். காந்தம் இரும்பைப் பிடிக்கும் என்பதை மட்டும் காரைக்குடி வரை போய்த் தெரிந்துகொண்டேன்.

இதை இப்போது எழுதத் தூண்டியது, என் நாற்காலியில் எனக்குப் பின் வந்து உட்கார்ந்திருக்கும் பெண். அடிக்கடி போன் செய்வாள். "சார், மறுபடியும் காந்தம் லேட்டாகுமாம். மொத தடவை நின்னப்ப நீங்க என்னதான் பண்ணுனீங்க?" ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு விதமாகச் சொல்லி, கடைசியில் நானே காந்தத்தைக் கண்டுபிடித்தவன் என்கிற அளவுக்குக் கதை வளர்ந்துவிட்டது. இன்னும் வளருவதற்குள் எழுதிவிடுவது நல்லது.

எங்கள் கம்பெனி புதுக்கோட்டைத் தொழிற்பேட்டையில் ஒரு தகரக் கொட்டகை. மைக் செட் வைத்திருப்பவர்களுக்கு ஸ்பீக்கர் செய்து கொடுப்போம். விளம்பரத் தாள் எழுதச் சேர்ந்தவன் நான். 'தேனினும் இனிய தெள்ளிய ஓசை' என்று எழுதினேன். 'தேன் வேண்டாம், வாட்ஸ் எவ்வளவுன்னு போடுங்க,' என்று ஆர்டர்காரர்கள் எழுதினார்கள். பஸ் சம்பவம் எப்படியோ வெளியே தெரிந்ததும், காந்தத்தோடு நெருங்கிப் பழகியவன் என்ற ஒரே தகுதியில் கொள்முதலுக்கு மாற்றப்பட்டேன். சீனாவுக்குச் சில முறை அனுப்பினார்கள். அங்கே கைக்கடிகாரத்தைக் கழற்றவும், மரச் சுத்தியல் பிடிக்கவும், வாழைப்பழத்தை மட்டுமே நம்பி வாழவும் கற்றேன். இவ்வளவுதான் என் பயிற்சிக் காலம்.

முதலாளி ஒரு பெண்மணி. திருமயம் பக்கத்து ஊர். எல்லோருக்கும் ஆச்சி. கணவர் தொடங்கிய கம்பெனியை அவர் காலமான பிறகு ஏற்றவர். ஆச்சி சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. நாம் எதைச் சொன்னாலும் "அப்புடியா?" என்பார். அதில் மூன்று வகை உண்டு. குரல் ஏறினால், சரி, மேலே சொல். சமமாக இருந்தால், நீ சொல்வது எனக்கு நேற்றே தெரியும். இறங்கினால், எழுந்து போய்விடுவது உத்தமம். மூன்றாவதை வாங்கியவர்களுக்கு உடனே காப்பி வரும். அந்தக் காப்பியைக் கண்டு நடுங்காத ஆள் கொட்டகையில் இல்லை.

புது ஸ்பீக்கரை ஆச்சி சோதிக்கும் முறை எந்தப் பொறியியல் கல்லூரியிலும் கிடையாது. பாட்டுப் போடக் கூடாது. ஸ்பீக்கரைக் கொட்டகை வாசலில் வைத்துவிட்டு, ஆச்சி காம்பவுண்டின் கடைசியில் தண்ணீர்த் தொட்டியடியில் நாற்காலி போட்டு உட்காருவார். உள்ளே மைக்கில் ஒருத்தி, "பச்சைப் பாவாடை, மஞ்சள் சட்டை, பேரு தெய்வானை, பந்தலுக்கு வரவும்," என்கிற மாதிரி அறிவிக்க வேண்டும். ஆச்சி அதை அப்படியே திருப்பிச் சொல்லிவிட்டால் ஸ்பீக்கர் பாஸ்.

"பாட்டு எதுல போட்டாலும் பாட்டுத்தான் தம்பி," என்றார் ஒருநாள். "திருவிழாவுல தொலஞ்ச புள்ள பேரு ஆத்தா காதுல விழணும். அதுக்குத்தான் இத்தனை பேரு கொட்டகையில உக்காந்து பசை தடவுறோம்."

அறிவிப்பவள் பெரும்பாலும் ஜெசிந்தா. ஆவூர்க்காரி, எங்கள் அசெம்பிளி லைனின் சூப்பர்வைசர். லைனில் முக்கால்வாசிப் பேர் நாற்பதைத் தாண்டிய பெண்கள். தொலைந்த பிள்ளைக்குத் தத்தம் மாமியார் பெயரைத்தான் எழுதிக் கொடுப்பார்கள். அந்த மாமியார்கள் எல்லாம் ஆச்சி வாயால் பாவாடை சட்டையோடு கண்டெடுக்கப்படுவதில் லைனுக்கு ஒரு தனி ஆனந்தம்.

இப்படி இருக்கையில்தான் ஒரு தை மாதம் காந்தம் வருவது நின்றது.

இந்தக் காந்தத்தின் மூலப்பொருளைச் செய்தித்தாள்கள் அருமண் என்கின்றன. அவ்வளவு அரிதும் இல்லை. பார்த்தால் மண் மாதிரியும் இல்லை. நம் கடற்கரை மணலிலேயே உண்டு. ஆனால் நெல் வயலில் நிற்கிறது என்பதற்காக இலையில் இட்லி வந்து விழாது. பிரித்து, உருக்கி, காந்தமாக்கித் தரும் வேலை பெரும்பாலும் சீனாவில்தான் நடக்கிறது. அந்தக் காந்தம் கொஞ்சம் இருந்தாலே போதும் என்பதால்தான், முன்பு இரண்டு ஆள் தூக்கிய ஸ்பீக்கரை இப்போது ஒரு ஆள் மூங்கில் சாரத்தில் ஏற்றுகிறார். அதோடு இன்னொரு சங்கதி: சூடு பட்டால் அது பலம் இழக்கும். நம்மூர் வெயிலில் நாளெல்லாம் அலற வேண்டும் என்றால் இன்னொரு அருமண்ணைச் சிட்டிகை உப்புப் போல் சேர்க்க வேண்டும். அந்தச் சிட்டிகைக்கு ஏற்றுமதி லைசென்ஸ் வேண்டும் என்று அங்கே உத்தரவாகிவிட்டது. எங்கள் காந்தம் துறைமுகத்தில் உட்கார்ந்துவிட்டது.

எங்களுக்குக் காந்தம் அனுப்பும் லின் நல்ல மனிதர். மொழிபெயர்ப்புச் செயலி வழியே தமிழில் எழுதுவார். அவருடைய செய்தி இப்படி வந்தது: "மதிப்புள்ள காந்த நண்பரே, காந்தம் மட்டும் வர இயலாது. ஒலிபெருக்கிக்கு உள்ளே அமர்ந்த காந்தம் தாராளமாக வரும். வருத்தம். உங்கள் ஊரில் மழை உண்டா?"

அதாவது, தனியாக வந்தால் காந்தத்துக்கு லைசென்ஸ். முழு ஸ்பீக்கராக வந்தால் வேண்டாம். அப்படியென்றால் ஸ்பீக்கரையே அங்கே செய்து இறக்கிவிடலாம். எங்கள் கொட்டகையில் பெயர் ஒட்டினால் போதும்.

சென்னையில் இருக்கும் ஆச்சியின் மகன் வள்ளியப்பனுக்கு இது அன்றே புரிந்துவிட்டது. காரில் வந்து இறங்கினார். நியாயமான ஆள்தான், கணக்கு மட்டும் கொஞ்சம் வேகமாகப் போடுவார்.

"ஆத்தா, முழுசா வருதுல்ல? அப்புறம் லைன் எதுக்கு? வச்சுப் பாத்துக்கிட்டு இருக்கவா?"

"அப்புடியா?" என்றார் ஆச்சி. குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. பிறகு, "பங்குனி பொறக்கட்டும்," என்றார். "அதுக்குள்ள இங்க ஓட்டுறதுக்கு வழி இருந்தா ஓட்டுவோம். இல்லைன்னா நீ சொல்றபடி."

மாலையில் ஜெசிந்தா என் மேசை முன் வந்து நின்றாள்.

"லைனை மூடப் போறாங்களாமே சார்?"

"இன்னும் முடிவாகல."

"மூடுனா யாரு சொல்லணும் எல்லார்கிட்டயும்?"

கையிலிருந்த பேனாவை மூடி வைத்தேன்.

"ஆவூரு, அங்கிட்டு இங்கிட்டுன்னு வீடு வீடாப் போயி, நல்ல வேலைன்னு இவங்களக் கூப்பிட்டு வந்தது நாந்தான் சார். இந்த வயசுல வேற யாரு எடுப்பாக? வேணாம்னு சொல்றதுக்கும் நானேதான போகணும்? கோயிலுக்குப் போனா எல்லாம் அங்கதான் நிப்பாளுக."

நான் ஓய்வு பெற இருந்த வருடம் அது. எனக்கு ஒரு மாலையும் ஒரு சால்வையும் நிச்சயம். அவளுக்கு அந்த வீடுகள். அன்றிரவு லின்னுக்கு ஒரு நீண்ட விண்ணப்பம் எழுதினேன், எம்.ஏ. தமிழ் முழுவதையும் அதில் இறக்கினேன். செயலி அதை எப்படி மொழிபெயர்த்ததோ, "உங்கள் தாயார் விரைவில் குணமடைய வாழ்த்துகிறேன்," என்று பதில் வந்தது.

மாசி பாதியில் அறந்தாங்கி போனேன். ஜபருல்லா பாய் எங்கள் பழைய வாடிக்கையாளர். பூர்வீகம் கோட்டைப்பட்டினம், அறந்தாங்கியில் மைக் செட் கடை. கோயில், சர்ச், தர்கா கந்தூரி எதுவானாலும் அந்தப் பக்கம் பாய் செட்தான். திருவிழாக் காலத்துக்கு அவர் சொல்லியிருந்த ஸ்பீக்கர்கள் வராது என்பதைப் போனில் சொல்லத் தைரியமில்லாமல் நேரில் போனேன். நேரில் சொன்னால் டீயாவது கிடைக்கும்.

டீ கிடைத்தது. பிறகு பாய் ஆரம்பித்தார்.

"பங்குனி, சித்திரை ரெண்டு மாசந்தான் சார் எங்களுக்கு வருசம். ஸ்பீக்கர் இல்லைன்னு நான் யார்கிட்டப் போயிச் சொல்ல? ஒங்க காந்தம் கப்பல் ஏறல, அதுனால அம்பாள் எறங்கலைன்னா?"

"வெளிநாட்டுல லைசென்ஸ் பிரச்சன பாய்."

"எந்திரிங்க. ஒங்களுக்கு ஒண்ணு காட்டுறேன்."

கடைக்குப் பின்னால் ஒரு கீற்றுச் சாய்ப்பு. பாய் படுதாவை விலக்கினார். இடுப்பு உயரத்துக்குச் செத்த ஸ்பீக்கர்கள். கிழிந்த காகிதக் கூம்பு, கருகிய செம்புச் சுருள், சில எங்களுடையவை, சில மற்ற கம்பெனிகளுடையவை.

"நீங்க வித்ததுதான். புள்ளைக செட்டைப் போட்டுட்டு, திருகக் கூடாததைத் திருகி எரிச்சுப்புடுதுக. இந்தக் குப்பையையாச்சும் அள்ளிட்டுப் போங்க, எடமாவது மிஞ்சும்."

"காயலான் கடையில போட வேண்டியதுதான?"

"அதையேன் கேக்குறீங்க! தராசுல வச்சா தராசோட ஒட்டிக்குது. இரும்போட போட்டா இரும்பெல்லாம் வந்து இது மேல அப்பிக்குது. ஒருக்கா வாங்குன ஆளு, நசுங்குன வெரலைக் கட்டிக்கிட்டு வந்து, பாய், ஒங்க சாமானும் வேணாம், ஒங்க சகவாசமும் வேணாம்னுட்டுப் போயிட்டான். ஜில்லா பூராம் எந்த மைக் செட்டுக்காரன் வீட்டுலயும் பின்னால இப்புடித்தான் குமிஞ்சு கெடக்கு."

விடைபெற்று நகரப் பார்த்தேன். நகர முடியவில்லை. பேன்ட் பையிலிருந்த வீட்டுச் சாவிக்கொத்து, துணியோடு சேர்த்து ஒரு செத்த ஸ்பீக்கரின் முதுகைப் பிடித்துக்கொண்டிருந்தது.

சாவியைப் பிடுங்கினேன். விட்டேன், மறுபடி தாவியது. இன்னொரு ஸ்பீக்கரில் வைத்தேன், அங்கேயும் தாவியது. நான் பைத்தியம் மாதிரி ஒவ்வொன்றாகச் சாவி வைத்துக்கொண்டே போவதைப் பாய் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், நாஞ் சொன்னது கோவத்துல. மனசுல வச்சுக்காதீங்க."

எரிவது சுருள். கிழிவது கூம்பு. காந்தம் எரிவதில்லை. லைசென்ஸ் கேட்டுத் துறைமுகத்தில் உட்கார்ந்திருக்கும் அதே சரக்கு, அறந்தாங்கியில் கீற்றுக்கு அடியில் கிடந்தது. இத்தனை வருடம் காந்தம் வாங்கியவன், அது போய்ச் சேரும் இடத்தை ஒருநாளும் எட்டிப் பார்த்ததில்லை.

ஆச்சியிடம் சொன்னேன். முதல் தடவையாக அந்த "அப்புடியா?" எங்கே போகிறது என்று எனக்குக் கணிக்க முடியவில்லை. ஏறி, நின்று, மறுபடி ஏறியது. மறுநாளே எங்கள் வேன் கிளம்பியது. கொடுப்பவருக்கு அடுத்த ஸ்பீக்கரில் தள்ளுபடி என்றோம். பல பேர் தள்ளுபடிகூடக் கேட்கவில்லை. இடம் காலியானால் போதும் என்றார்கள்.

ஜெசிந்தா லைனைத் திருப்பிப் போட்டாள்: இனி முதலில் பிரிப்பு, பிறகுதான் கோர்ப்பு. செத்த ஸ்பீக்கரின் கூம்பை அறுத்து எடுக்க வேண்டும். காந்தத்தின் நடுவே வட்டமாக ஒரு இடுக்கு உண்டு. நகக்கண் அளவுகூட இராது. அதற்குள்தான் செம்புச் சுருள் எதையும் தொடாமல் மிதக்க வேண்டும். ஆனால் அந்த இடுக்கில் வருடக்கணக்கான இரும்புத்தூள். ஊதினால் போகாது, துடைத்தால் ஒரு பக்கமிருந்து மறு பக்கம் ஓடும். பிசைந்த மைதா உருண்டையை விட்டு எடுக்கலாம் என்று ஒருத்தி சொல்ல, "ஈரம் பட்டாத் துருப் புடிக்கும், அதோட எறும்பு வரும்," என்று ஆச்சி தடுத்துவிட்டார். கடைசியில் அட்டைத் துண்டில் பசை டேப்பைச் சுற்றி, இடுக்கில் விட்டு விட்டு எடுத்தார்கள். டேப் வெள்ளையாக வெளியே வரும்வரை இதே வேலை.

பிறகு புதுச் சுருள். அது சரியாக நடுவில் நிற்பதற்கு, சுற்றிலும் பழைய எக்ஸ்ரே பிலிமை நறுக்கிச் செருகிவிட்டு, பசை காய்ந்ததும் உருவிவிட வேண்டும். பிலிமில் யாரோ ஒருவருடைய விலா எலும்பு தெரியும்.

"யாரு பெத்த புள்ளையோ, நம்ம ஸ்பீக்கரை நெஞ்சுல தாங்குறான்," என்பாள் ஜெசிந்தா.

மாசி முடியும் தறுவாயில் சோதனை. ஒரே பெட்டியில் நான்கு ஸ்பீக்கர்கள். வள்ளியப்பனும் சென்னையிலிருந்து வந்திருந்தார். ஆச்சி தொட்டியடியில் போய் உட்கார்ந்தார். ஜெசிந்தா மைக்கைப் பிடித்தாள். "நீலச் சட்டை, அரைக்கால் டவுசர், பேரு ஆரோக்கியசாமி..."

குரல் வந்தது. ஆனால் அடி வயிறு இல்லாத குரல். தகர டப்பாவுக்குள் யாரோ அழுவதுபோல. ஆச்சி ஒன்றும் திருப்பிச் சொல்லவில்லை. வள்ளியப்பன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். லைன் முழுவதும் வாசலில் நின்றது.

"காந்தம் செத்துருச்சா சார்?" என்றாள் ஜெசிந்தா மெதுவாக.

"ஒண்ணொண்ணாப் போட்டுப் பாத்தியா?"

"காலையில பாத்தேனே, ஒவ்வொண்ணும் கணீர்னு இருந்துச்சு. ஒண்ணாச் சேத்தா மூஞ்சியத் தூக்கி வச்சுக்குதுக. கூட்டுக் குடும்பம் மாதிரி."

அந்த வார்த்தையில் எனக்குச் சீனாவில் லின் காட்டிய ஒரு வேலை நினைவுக்கு வந்தது. "ஒரு பேட்டரி செல் குடுங்க," என்றேன். கொட்டகையில் செல் இல்லை. சுவர்க் கடிகாரத்தைக் கழற்றி அதிலிருந்து எடுத்தேன். செல்லின் இரு முனையையும் ஸ்பீக்கரின் இரு முனையில் தொட்டால் கூம்பு துள்ளும். முன்னால் துள்ள வேண்டும். முதலாவது முன்னால் துள்ளியது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது பின்னால் போனது. நான்காவது மறுபடி முன்னால்.

எங்கள் காந்தத்துக்கு நடுவே வேறு கம்பெனிக் காந்தம் ஒன்று கலந்திருந்தது. அந்தக் கம்பெனிக்காரர்கள் வடக்கு தெற்கு முனைகளை மாற்றி ஏற்றியிருந்தார்கள். மற்றவை காற்றைத் தள்ளும்போது இது இழுத்தது. ஒன்று போட்ட சத்தத்தை மற்றது விழுங்கியது. ஊர் ஊராகக் குப்பை பொறுக்குகிறவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தவறு அது. திருத்தம் மிகச் சுலபம்: அந்த ஒன்றுக்கு மட்டும் இரண்டு வயரையும் இடம் மாற்றிப் பற்றவைத்தாள் ஜெசிந்தா.

"நீலச் சட்டை, அரைக்கால் டவுசர், பேரு ஆரோக்கியசாமி, பந்தலுக்கு வரவும்!"

தொழிற்பேட்டையில் பக்கத்துக் கொட்டகைக்காரர்கள் வெளியே வந்து பார்த்தார்கள். தொட்டியடியிலிருந்து ஆச்சி அதை அட்சரம் பிசகாமல் திருப்பிச் சொன்னார். பிறகு எழுந்து, சேலையைச் சரிசெய்துகொண்டு நடந்து வந்தார்.

"இன்னும் எத்தனை கெடக்கு அங்க?" என்றார் என்னிடம்.

"வேன் இன்னும் பாதி ஜில்லாவுக்கே போகல ஆச்சி."

வள்ளியப்பன் பெட்டியை ஒருமுறை சுற்றி வந்தார். "சரி ஆத்தா, ஓடட்டும்," என்றார். சொன்னதில் அவருக்கும் ஒரு நிம்மதி இருந்தது. ஜெசிந்தா உள்ளே போய் முகம் கழுவிவிட்டு வந்தாள். எல்லோருக்கும் காப்பி வந்தது. முதலில் ஒருவரும் தொடவில்லை, பழக்க தோஷம். ஆச்சியே ஒரு டம்ளரை எடுத்துக் குடித்த பிறகுதான் மற்றவர்கள் குடித்தார்கள்.

சித்திரையில் லைசென்ஸ் கிடைத்துக் காந்தமும் வந்தது. இப்போது லைனில் பாதி புதுசு, பாதி பழசு. கப்பல் நின்றால் பழசு கூடும், வந்தால் குறையும். என் நாற்காலிக்கு வந்த பெண்ணுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: நாம் அங்கிருந்து வரும் காந்தத்தை நம்பித்தான் இருக்கிறோம், இன்னும் கொஞ்ச காலம் இருப்போம், ஆனால் ஒருமுறை வந்து இறங்கியதை வெளியே விடாதே. செல் ஒன்று மேசையில் வைத்துக்கொள். கடிகாரத்தைக் கழற்ற வேண்டியிராது.

ஓய்வு பெற்ற பிறகு ஒரு சாயங்காலம் பாய் கூப்பிட்டார். அறந்தாங்கிக்கு அங்கிட்டு ஒரு சிற்றூரில் திருவிழா. நாங்கள் உயிர் கொடுத்த ஸ்பீக்கர்கள் அத்தனையும் அங்கேதான் கட்டியிருக்கிறது, வந்து காது குளிரக் கேளுங்கள் என்றார். ஜெசிந்தாவையும் அழைத்துப் போனேன். பந்தலிலிருந்து தள்ளி ஒரு டீக்கடையில் நின்றோம். ஒவ்வொரு சொல்லும் கல்லில் செதுக்கினாற்போல் வந்து விழுந்தது. ஜெசிந்தா கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள். எனக்கு என் தொழில் வாழ்க்கையே நிறைந்துவிட்ட மாதிரி இருந்தது. பெருமை தாங்காமல் டீக்கடைக்காரரிடம் கத்தினேன், சாதாரணமாகப் பேசினால் கேட்காது என்பதால்: "செட்டு எப்படிண்ணே இருக்கு?"

அவர் காதிலிருந்த பஞ்சை எடுத்துவிட்டுச் சொன்னார்:

"போன வருசம் மொத நாளே எரிஞ்சு போச்சுங்க. ஊரே நிம்மதியாத் தூங்குச்சு. எந்தப் புண்ணியவான் அதைத் திரும்பச் சரி பண்ணிக் குடுத்தான்னு தெரியல."